ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1947ஓடு நின்றிருந்தால்?

2024 நவம்பர் 17, ஞாயிறு இரவு

இலங்கைத் தமிழ் அரசியல்வாதி ஜீ.ஜீ. பற்றிய கேள்வி, ஒரு வாசகருடையது. அப்படியே போடுகிறேன்: "ஜீ.ஜீ. 1947 தேர்தலோடு அரசியலை விட்டிருந்தால் இன்றைக்கு அவரைத் திட்ட ஆளிருக்காது. அரசாங்க சபையில் சிங்கம், மந்திரிசபையில் பூனை. மறுக்க முடியுமா?"

தேர்தல் முடிந்து மூன்று நாள். யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி கொண்டுபோய்விட்டது. வீட்டுச் சின்னத் தமிழரசுக்கு ஒன்று, ஜீ.ஜீ. தொடங்கிய சைக்கிள் சின்னத் தமிழ்க் காங்கிரஸுக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று. சந்தி சந்தியாக இதே கதைதான். இந்த நேரத்தில் சைக்கிளில் நிற்கிற பேரப்பிள்ளையை விட்டுவிட்டுப் பாட்டனார் ஜீ.ஜீ.யைத் தோண்டுகிற ஒருவர் இருக்கிறார் என்பதே சந்தோசம்.

மறுக்க முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் ஜீ.ஜீ. என்றால் இரண்டு சொல்தான். முதலில் 'கெட்டிக்காரன்', அடுத்தது 'ஆனால்'. அந்த 'ஆனால்'க்குப் பின்னால் என்ன வரும் என்பது எனக்குப் பத்து வயதிலேயே மனப்பாடம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அல்வாயைச் சேர்ந்த ஒரு தபாலதிபரின் மகன். கேம்பிரிட்ஜ் போய் விஞ்ஞானம் படித்தார், அப்புக்காத்தாக (வக்கீலாக) திரும்பினார். 1934இல் பருத்தித்துறை உறுப்பினராக அரசாங்க சபைக்குள் போனவர் 1947 வரை அங்கேதான். தமிழருக்குச் சபையில் பாதி கேட்ட 'ஐம்பதுக்கு ஐம்பது' அந்தக் காலத்தது. 1944 ஓகஸ்டில் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கினார். 1947இல் யாழ்ப்பாணத் தொகுதியைப் பிடித்தார். அடுத்த வருடம் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் மந்திரி. அங்கேதான் 'ஆனால்'.

அதே இரவு, படுக்கப் போகுமுன்

மேலே எழுதியதில் பிழை. 'தமிழருக்குப் பாதி' இல்லை. ஐம்பதுக்கு ஐம்பது என்றால் சிங்களவருக்குப் பாதி, மற்ற எல்லாருக்கும் சேர்த்து மறு பாதி. அந்த மறு பாதிக்குள் இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், வெள்ளைக்காரர் எல்லாரும் அடக்கம். ஜீ.ஜீ.யைத் திட்டுகிறவர்களும் தூக்கிப் பிடிக்கிறவர்களும் ஒற்றுமையாக மறக்கிற விசயம் இது. நானும் மறந்தேன் பாருங்கள்.

2024 நவம்பர் 19

அரசாங்க சபை என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, கொஞ்சம் பின்னால் போவோம்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. அது உண்டாக்கிய சட்டசபைதான் அரசாங்க சபை. இருபத்தொரு வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு. பிரித்தானியாவிலேயே பெண்களுக்குச் சமவாக்கு வந்து அப்போது மூன்று வருடம்தான். இப்படி ஒரு வாய்ப்பு வந்தபோது யாழ்ப்பாணம் என்ன செய்தது? பகிஷ்கரித்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியவர்களின் வாலிபர் காங்கிரஸ், 1927இல் காந்தியை இங்கே அழைத்து வந்த அதே ஆட்கள், 'பூரண சுயராச்சியம் இல்லாத சபை எங்களுக்கு வேண்டாம்' என்றார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் நியமனப் பத்திரம் கொடுக்க ஒருவரும் போகவில்லை. நான்கு கதிரையும் மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தன.

1934இல்தான் அவற்றுக்கு ஆள் போனது. யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவா, காங்கேசன்துறைக்கு சு. நடேசன், ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறைக்கு ஜீ.ஜீ. மகாதேவா சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன். நடேசன் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரி அதிபர். ஜீ.ஜீ.க்குப் பின்னால் இப்படி ஒரு 'சேர்' பட்டக்காரர் கிடையாது. 1931இல் மன்னார்ப் பக்கம் நின்று தோற்ற அனுபவம் மட்டும் இருந்தது.

சாதி, மதம், இனம் வேண்டாம், முழு விடுதலைதான் வேண்டும் என்ற பொடியள் வெறுமையாக விட்ட கதிரையில், இன விகிதாசாரம் கேட்கப்போகிற மனிதர் வந்து உட்கார்ந்தார். வாலிபர் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் நின்றிருந்தால் ஜீ.ஜீ. என்கிற அரசியல்வாதியே வந்திருக்க மாட்டாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். விட்டால் ராத்திரி முழுக்க இதைப்பற்றிக் கதைப்பேன், நிறுத்துகிறேன்.

2024 நவம்பர் 20

'சைக்கிள் எப்போது வரும்?' என்று ஒருவர். வரும். காற்று அடித்துக்கொண்டிருக்கிறேன்.

2024 நவம்பர் 22

அரசாங்க சபையில் சிங்கம் என்றதற்கு வருகிறேன். ஏன் அவ்வளவு கர்ச்சனை? உறுப்பினர்களை ஏழு குழுக்களாகப் பிரிப்பார்கள், ஒவ்வொரு குழுவும் ஒரு தலைவரைத் தெரிவுசெய்யும், அந்த ஏழு தலைவர்களும்தான் மந்திரிகள். யாரை எந்தக் குழுவில் போடுவது என்று கணக்குப் பார்த்துச் செய்தால் ஏழு பேரையும் ஒரே இனத்திலிருந்து எடுத்துவிடலாம். 1936இல் அதைத்தான் செய்தார்கள், ஏழு மந்திரிகளும் சிங்களவர். காகிதத்தில் இனத்துக்கு இடமே இல்லை, எண்ணிப் பார்த்தால் இனம் மட்டும்தான் இருந்தது. ஐம்பதுக்கு ஐம்பது வானத்திலிருந்து விழவில்லை. 1939இல் சபையில் மணிக்கணக்காகப் பேசினாரே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஆனால் (எங்கள் வீட்டு 'ஆனால்') அவருக்கு வாய் அடங்காது. அதே 1939இல் நாவலப்பிட்டியில் சிங்களவர் போற்றும் மகாவம்சத்தைப் பற்றிப் பேசப்போய் அது கலவரத்தில் முடிந்தது. அப்புக்காத்து வாய் கோட்டில் சோறு போடும். தோட்டத்து மக்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழ்கிற ஊரில் அதே வாயைத் திறந்தால் அடி விழுவது வேறு ஆட்களுக்கு.

புதிய அரசியலமைப்புக்காகப் பிரித்தானியா அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு அவருடைய கணக்கை ஏற்கவில்லை. சனத்தொகையில் 75,000 பேருக்கு ஒரு ஆசனம், அதோடு ஒவ்வொரு ஆயிரம் சதுர மைலுக்கும் ஒன்று என்று நிலத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஆள் குறைந்து காடு கூடிய வடக்கு கிழக்குக்கு அதில் கொஞ்சம் லாபம். ஐம்பது கேட்டுச் சில்லறை வாங்கி வந்தார் என்பார் அம்மப்பா.

பிறகு 1948. இந்திய வம்சாவளி மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிரசாவுரிமைச் சட்டத்துக்குக் கை தூக்கினார், பதவி வாங்கினார். சிங்கம் பூனையானது. கேள்வி கேட்டவர் வென்றார். முடிந்தது.

2024 நவம்பர் 23

முடியவில்லை.

கொழும்பில் சட்டத்தரணியாக இருக்கும் ஒருவர் நேற்றிரவே எழுதி என்னைக் கிழித்துவிட்டார். அவர் சொல்வது சரி. சட்டம் ஒன்றல்ல, மூன்று. 1948 ஓகஸ்டில் வந்த பிரசாவுரிமைச் சட்டத்தை ஜீ.ஜீ. எதிர்த்தார். அப்போது அவர் மந்திரி இல்லை, எதிர்ப்பக்கம். செப்டெம்பரில் மந்திரி. அந்த டிசெம்பரில் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமூலம் வந்தபோதுதான் அவர் கை அரசாங்கத்தோடு உயர்ந்தது. மூன்றாவது, 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம், வாக்கையே பறித்தது. 1947இல் தொண்டமான் உட்பட மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்கள் இருந்தார்கள். 1952இல் ஒருவரும் இல்லை.

நாற்பது வருடமாக நான் சொல்லிவந்த வசனம், 'பிரசாவுரிமைச் சட்டத்துக்கு வாக்களித்தார்' என்பது, எழுத்துக்கு எழுத்துப் பிழை. இதனால் அவர் தப்பினாரா? எனக்கென்னவோ இன்னும் மோசமாகத்தான் தெரிகிறது. ஓகஸ்டில் அநியாயம் என்று சொல்லத் தெரிந்த மனிதர்தானே டிசெம்பரில் கை தூக்கினார். தெரியாமல் செய்யவில்லை.

அவருடைய பக்கம் என்னவென்றால், உள்ளே போனால்தான் எதையாவது எடுக்கலாம் என்பது. காங்கிரஸில் அவரோடு இருந்த செல்வநாயகம் அதை ஏற்கவில்லை, பிரிந்துபோய் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

2024 நவம்பர் 24

உள்ளே போய் எதை எடுத்தார் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லக் கூச்சம். அதில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கு வந்தது.

கைத்தொழில், கடற்றொழில் மந்திரியாக இருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் ஓடத் தொடங்கியது. ஆனையிறவு உப்பை நம்பிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றுக்கும் வித்து அந்தக் காலத்தில் விழுந்ததுதான். வடக்கு கிழக்கில் அரசாங்கம் போட்ட பெரிய தொழிற்சாலை என்று விரல் மடக்கினால் இந்த மூன்றும் முதலில் வரும்.

அம்மப்பா சீமெந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். சுண்ணாம்புக்கல் உடைக்கிற பக்கம். மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தது, ஒரு வீடு கட்டியது, என் அம்மாவுக்குச் சீதனம் கொடுத்தது எல்லாம் அந்தத் தூசுக் காசு. மனிதர் மாலையில் வரும்போது இமைமயிர் வரை வெள்ளையாக இருக்கும். கிணற்றடியில் குளித்து, வேட்டி மாற்றி, தேத்தண்ணியோடு விறாந்தையில் உட்கார்ந்தால் முதல் வேலை ஜீ.ஜீ.யைத் திட்டுவது. 'சனத்தை வித்துப்போட்டான்.' அம்மப்பா செல்வாவின், அதாவது செல்வநாயகத்தின், ஆள். செம்பைத் தூக்கிக் குடித்துவிட்டு இன்னொருமுறை திட்டுவார்.

சம்பளம் அங்கே, வாக்கு இங்கே. இதில் ஒரு முரணும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் நேற்றுவரை தெரியவில்லை.

2024 நவம்பர் 29

வெள்ளம். ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. மகளின் உயர்தரப் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள், அவள் சந்தோசமாகப் படுத்திருக்கிறாள். போனில் சார்ஜ் பதினொரு வீதம். ஜீ.ஜீ. காத்திருக்கட்டும்.

2024 டிசெம்பர் 2

தண்ணீர் வடிந்தது. இருட்டில் கிடந்த நாட்களில் யோசித்த ஒன்றை எழுதவேண்டும், எழுதாமல் விட்டால் இந்த இழையை அழித்துவிடுவதுதான் நேர்மை.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் மலைநாட்டுப் பிள்ளை ஒன்று வேலைக்கு நின்றது. என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். விறகு, தண்ணீர், மாவிடிப்பு, என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள்தான். நான் உள்ளே போவேன், அவள் படலையோடு திரும்பிவிடுவாள். அந்தக் காலத்தில் கொஞ்சம் வசதியான யாழ்ப்பாணத்து வீடுகளில் இது புதினமே இல்லை. வீட்டில் அவளுக்கு வேறொரு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

1982 அல்லது 83இல் ஒருநாள் தகப்பன் வந்தார். குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, தலைமன்னாரில் கப்பல் ஏறவேண்டும் என்று கூட்டிப்போனார். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தக் கணக்கு அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களை நெல்மூட்டை மாதிரிப் பிரித்தார்கள். அந்தக் கணக்கின் முதல் வரி 1948.

அவள் படலையைத் தாண்டிப் போன அன்று மாலையும் அம்மப்பா விறாந்தையில் உட்கார்ந்து 'மலையகச் சனத்தை வித்துப்போட்டான்' என்று ஜீ.ஜீ.யைத் திட்டியிருப்பார். அன்று திட்டினாரா என்று நினைவில்லை. திட்டாத நாளே கிடையாது என்பதால் சொல்கிறேன்.

2024 டிசெம்பர் 3, விடிய

'உங்கள் அம்மப்பாவுக்காக ஜீ.ஜீ.க்குப் பிணை கொடுக்கிறீர்களா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. டிசெம்பரில் தூக்கிய கை அவருடையது, அதை இறக்க நான் யார். அந்தக் கையைப் பற்றி நாங்கள் இவ்வளவு சத்தமாகக் கதைத்தது ஏன் என்பதுதான் என் யோசனை.

2024 டிசெம்பர் 3, மத்தியானம்

இன்னொன்று. ஒருவர் '1952இல் காங்கேசன்துறைச் சனம் செல்வநாயகத்தை ஏன் தோற்கடித்தது?' என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஊரில் யாரும் விரும்பாத கேள்வி. தந்தை செல்வாவை அவருடைய சொந்தத் தொகுதியில் விழுத்தியது வேறு யாருமில்லை, மேலே சொன்ன அரசாங்க சபைக்காரர் நடேசன். ஐக்கிய தேசியக் கட்சியில் நின்று வென்றார், பிறகு மந்திரியும் ஆனார். 1956இல் செல்வா திருப்பிக் கொடுத்தார்.

தொழிற்சாலை வேலைகளை வைத்து அரசாங்கக் கட்சி வாக்கெடுத்தது என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆதாரம் கையில் இல்லாமல் ஒரு தொகுதியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்று விட்டேன். ஆனால் வீட்டில் ஒரு சாட்சி இருக்கிறார். அம்மம்மாவுக்கு இப்போது 91. கேட்டேன்.

"அம்மம்மா, அம்பத்திரண்டில அம்மப்பா ஆருக்கு வாக்குப் போட்டவர்?"

"நடேசருக்கு."

"அவர் செல்வா ஆள் எல்லே?"

"அது பிறகு. அப்ப பைக்டறியில வேலை நிரந்தரமாகேல்லை."

அவ்வளவுதான், பாக்கு இடிக்கத் தொடங்கிவிட்டார். 52இல் செல்வாவுக்குத்தான் போட்டோம் என்று எங்கள் ஊரில் சொல்லித் திரிந்தவர்கள் எல்லாரும் உண்மையிலேயே போட்டிருந்தால் அவர் எப்படித் தோற்றிருப்பார் என்ற கணக்கு எனக்கு இன்றைக்குத்தான் சரிவந்தது.

2024 டிசெம்பர் 8

மிச்சக் காலத்தை வேகமாக ஓட்டிவிடுகிறேன், அதில் பெரிய சுவை இல்லை. 1953 ஹர்த்தாலுக்குப் பிறகு பிரதமர் டட்லி போனார், சேர் ஜோன் கொத்தலாவல வந்தார், ஜீ.ஜீ. மந்திரிசபையிலிருந்து வெளியே. 1956இல் தமிழ்க் காங்கிரஸில் வென்ற ஒரே ஆள் அவர். 1960 மார்ச்சில் அல்பிரட் துரையப்பா என்ற இளம் சுயேச்சையிடம் தோற்றார். ஜூலையிலும் வரவில்லை. 1965இல் திரும்ப வந்தார். 1970இல் தமிழரசின் சி. எக்ஸ். மாட்டின் யாழ்ப்பாணத்தை எடுத்தார், அதோடு பாராளுமன்றம் சரி.

1947இல் மகாதேவாவை, அரசாங்கத்தோடு ஒட்டியவர், உள்துறை மந்திரியாக இருந்தவர் என்று அடித்துத்தான் ஜீ.ஜீ. யாழ்ப்பாணத்தைப் பிடித்தார். பதினைந்து மாதம் முடியவில்லை, தானே அரசாங்கத்தோடு ஒட்டினார். யாழ்ப்பாணத் தொகுதிக்கு இப்படி ஒரு குணம். போகும்போது தோளில் தூக்கும், வரும்போது கணக்குக் கேட்கும்.

சைக்கிள் கேட்டவருக்கு: அது இன்னும் வாக்குச்சீட்டில் ஓடுகிறது. செயின் எத்தனை தரம் கழன்றது என்பதற்குத் தனி இழை வேண்டும்.

2024 டிசெம்பர் 15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: 'இத்தனை எழுதினீர்கள். 47ஓடு நின்றிருக்கவேண்டுமா, இல்லையா?'

நின்றிருந்தால் 1976 இருந்திருக்காது. அந்த மே மாதம், குடியரசு தினத்துக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள் என்று அமிர்தலிங்கம் முதலிய தமிழ்த் தலைவர்களைப் பிடித்து, ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தினார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காகத் தமிழ்ச் சட்டத்தரணிகள் கூட்டமாக எழுந்தார்கள். அவர்களில் செல்வநாயகமும் ஜீ.ஜீ.யும் இருந்தார்கள். வருடக்கணக்காக ஒருவரை ஒருவர் மேடை மேடையாகக் கிழித்த இரண்டு கிழவர்கள் ஒரே பக்கத்து வாங்கில். அவசரகாலச் சட்டவிதிகள் செல்லுமா என்று ஜீ.ஜீ. வாதாடினார், எழுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அடுத்த பெப்ரவரியில் மலேசியாவில் இறந்தார். ஏப்ரலில் செல்வநாயகமும் போய்விட்டார்.

நேற்று மகளோடு காங்கேசன்துறைக்குப் போனேன், அவளுக்குப் பரீட்சை இடைவெளி. தொழிற்சாலை 1990இல் சனம் இடம்பெயர்ந்ததோடு நின்றதுதான். எங்கள் காணி 2016இல் திரும்பக் கிடைத்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை, சுவர் பாதி இல்லை. கிணற்றுக்குள் மரம் வளர்ந்திருந்தது. விறாந்தைத் தரை மட்டும் அப்படியே கிடந்தது. அம்மப்பா தொழிற்சாலைச் சீமெந்தைச் சம்பளத்தில் கழிக்கச் சொல்லி வாங்கிப் போட்ட தரை, அவர் உட்கார்ந்து திட்டிய இடம். புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட அதை உடைக்கப் போய் மேசன் இரண்டு சுத்தியல் கைப்பிடியை முறித்தார். கடைசியில் வீட்டை நான்கு அடி தள்ளிக் கட்டினோம். தரை முற்றத்தில் கிடக்கிறது, மிளகாய் காயப்போட வசதி.

மகள் அதன்மேல் நின்றுகொண்டு, "இதுதானா ஜீ.ஜீ.?" என்று கேட்டாள்.

2024 டிசெம்பர் 16

திருத்தம். மேலே எழுதியதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முறிந்தது ஒரு கைப்பிடிதானாம். மற்றதை மேசன் வரும்போதே பிளந்துதான் கொண்டுவந்தாராம்.